அடையாளம் அந்தத் தீவனத் தொட்டிதான்

வாசகர் கேள்வி – பதில்

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாட்டுத் தொழுவத்தைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். வேத வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தந்திருக்கிறோம். கத்தோலிக்கர் வீட்டில் உள்ள பொது மொழிபெயர்ப்பில் சொற்கள் சற்று வேறாக இருக்கும்.

கேள்வி: எங்கள் கோயிலில் பிள்ளைகள் போடும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் என் மகனுக்குச் சத்திரக்காரர் வேடம். "இடமில்லை, போ!" என்று கத்திக் கதவைச் சாத்த வேண்டும். அவன் வேதத்தைப் புரட்டிவிட்டு, "சத்திரக்காரரே இதில் இல்லையே அம்மா" என்கிறான். என்ன பதில் சொல்ல?
— வாசகி, யாங்கூன்

பதில்: பையன் சரியாகத்தான் படித்திருக்கிறான். லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் சத்திரக்காரரும் இல்லை, சாத்திய கதவும் இல்லை. 7-ஆம் வசனம் இவ்வளவுதான்: "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்."

இங்கே 'சத்திரம்' என்று வரும் இடத்தில் லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் 'கட்டாலுமா'. தங்குமிடம், விருந்தாளிக்கு ஒதுக்கிய அறை என்று பொருள். இதே சொல் லூக்கா 22:11-இல் மறுபடியும் வருகிறது. இயேசு சீடர்களோடு பஸ்கா உண்ட அறையை அது குறிக்கிறது. அது ஒருவருடைய வீட்டின் மேலறை. காசு கொடுத்துத் தங்கும் சத்திரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் லூக்கா வேறு சொல்லைப் போடுகிறார். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது 'பாந்தொகெயோன்'. பழைய தமிழ் வேதாகமத்தில் அதற்கும் 'சத்திரம்', இதற்கும் 'சத்திரம்' என்று போட்டதால் நமக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆகவே பெத்லகேமில் நிறைந்துபோனது ஓர் உறவினர் வீட்டின் விருந்தினர் அறைதான் என்று வேத ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். யோசேப்பு தாவீதின் வம்சத்தார். குடிமதிப்பு எழுதச் சொந்த ஊருக்கு வந்தவருக்கு அங்கே ஒரு வீடுகூடத் தெரியாமல் இருந்திருக்குமா?

6-ஆம் வசனத்தையும் கவனியுங்கள். "அவ்விடத்திலே அவர்கள் இருக்கையில், அவளுக்குப் பிரசவகாலம் நேரிட்டது." வந்து இறங்கிய இரவிலேயே வலி எடுத்தது, வீடு வீடாகத் தட்டினார்கள் என்பதெல்லாம் நாடகம் சேர்த்தது.

அப்படியானால் முன்னணை, அதாவது மாட்டின் தீவனத் தொட்டி, எங்கிருந்து வந்தது? அந்நாளில் யூதேயாவின் எளிய வீட்டில், விருந்தினர் அறை இருந்தால் அது தவிர, குடும்பம் வாழ்வது பெரும்பாலும் ஒரே அறையில். கதவை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் இரவில் மாடும் கழுதையும் நிற்கும். சற்று உயர்ந்த பகுதியில் குடும்பம் படுக்கும். இரண்டுக்கும் நடுவே, மேட்டின் விளிம்பில், தீவனத் தொட்டி. இது நமக்குப் புரியாத அமைப்பே அல்ல. பர்மிய கிராமங்களில் கால் ஊன்றிய மர வீட்டின் மேல் தளத்தில் மனிதர் படுக்க, கீழே மாடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். பெத்லகேம் சுண்ணாம்புப் பாறை ஊர். பாறைக் குகையை ஒட்டி வீடு கட்டி, குகையையே தொழுவமாக வைத்துக்கொள்வதும் அங்கே உண்டு. இயேசு குகையில் பிறந்தார் என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் எழுதியிருக்கிறார். குகையும் வீடும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

இதனால் தாழ்மை குறைந்துவிடவில்லை. 'துரத்தப்பட்டார்' என்பது கதைக்குச் சூடு ஏற்றும். லூக்கா சொல்வதோ அதைவிட ஆழமானது. அறை நிறைந்த ஓர் ஏழை வீட்டில், மாட்டின் மூச்சு படும் தூரத்தில், மற்ற எவரும் ஒதுங்காத மூலையில் அவருக்கு இடம் கிடைத்தது. அது போதும் என்று அவர் வந்தார்.

நாடகத்துக்கு ஒரு யோசனை. மகனைச் சத்திரக்காரராக்காமல் வீட்டுக்காரராக்குங்கள். "மேல் அறை நிறைஞ்சிடுச்சு. கீழே வாங்க, மாட்டை அந்தப் பக்கம் கட்டறேன்" என்று ஒரு வரி. பிறகு அவனே தொட்டியில் கிடக்கும் பழைய தீவனத்தை வழித்து எடுத்து, புது வைக்கோல் பரப்பட்டும். பேச்சு இல்லாமல் அந்த வேலையை மெதுவாகச் செய்யவிடுங்கள். கதவைச் சாத்தும் காட்சியைவிட இது சபைக்கு மனதில் நிற்கும்.

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் பர்மிய நண்பர் நல்ல பௌத்தர். "உங்கள் கடவுள் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார் என்கிறாய். அவருக்கு முற்பிறவிப் புண்ணியம் போதாதா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது.
— வாசகர், மோல்மீன்

பதில்: நல்ல நண்பர். நம்மவர்களே கேட்கத் தவறிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கேள்வி நியாயமானது. ஒருவர் செல்வத்திலும் மரியாதையிலும் பிறப்பது முன்வினையின் பலன் என்று நம்பும் வீட்டில், தொழுவத்துப் பிறப்பு என்றால் வினை குறைவு என்றுதான் தோன்றும். எனவே, "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அதோடு உரையாடல் முடிந்துபோகும், நட்பும் சற்று விரிசல் காணும்.

கிறிஸ்தவ நம்பிக்கையில் இயேசுவின் எளிய பிறப்பு அவருக்கு நேர்ந்த ஒன்று அல்ல, அவர் தேர்ந்துகொண்டது. பிலிப்பியர் 2-இல் பவுல், "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்" என்கிறார். 'வெறுமையாக்கி' என்ற அந்தச் சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். பாத்திரம் காலியாகக் கிடந்ததும் இல்லை, வேறொருவர் வந்து காலி செய்ததும் இல்லை, உடையவரே கவிழ்த்தார். 2 கொரிந்தியர் 8:9 இன்னும் நேராகச் சொல்கிறது: "அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும், நீங்கள் அவருடைய தரித்திரத்தினாலே ஐசுவரியவான்களாகும்படிக்கு, உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே."

இதை நண்பருக்குப் புரியவைக்க அவர் அறிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். மாயாதேவி தாய்வீட்டுக்குப் போகும் வழியில், லும்பினியில், மரத்தடியில் சித்தார்த்தர் பிறந்தார் என்று அவருக்குச் சிறுவயதிலேயே சொல்லியிருப்பார்கள். அந்த அரசகுமாரர் பின்னாளில் அரண்மனையை விட்டு இறங்கியதையும் அவர் அறிவார். பெரியவர் ஒருவர் தாமாகத் தாழ இறங்குவது அவருக்கு அந்நியமான எண்ணமே அல்ல. அங்கிருந்து, "நாங்கள் நம்புவதில் அந்த இறக்கம் பிறப்பிலேயே நடந்துவிட்டது, எங்களைப் போல வாழ, எங்கள் வீட்டுக்குள் வந்தார்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று முடித்துவிட வேண்டாம். சித்தார்த்தர் துக்கத்துக்கு விடை தேடி வீட்டை விட்டு வெளியே போனார். இங்கே கடவுள் துக்கம் நிறைந்த வீட்டுக்குள் வருகிறார். இந்த வேறுபாட்டை மரியாதையோடு அப்படியே வைத்துவிடுங்கள்.

உங்கள் ஊரிலேயே இதற்கு இன்னொரு உதவி இருக்கிறது. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தது 1834-இல், மோல்மீனில்தான். அதில் 'முன்னணை'க்கு அவர் போட்ட சொல் 'நுவா சா குவெ', மாடு தின்னும் தொட்டி. மெருகு எதுவும் இல்லாத வயல்காட்டுச் சொல். உங்கள் நண்பர் அதைக் கேட்ட உடனே வழுவழுப்பேறிய விளிம்பும், ஊறிய தவிட்டின் புளித்த வாடையும், மாட்டு நாக்கின் எச்சிலும் அவருக்கு நினைவு வரும். 'முன்னணை' என்ற சொல் தமிழில் கோயிலுக்குள் மட்டுமே வாழ்வதால் நமக்கு அந்த வாடை எட்டுவதில்லை.

தொட்டியைத்தான் தேவதூதர் மேய்ப்பர்களுக்கு அடையாளமாகவும் கொடுத்தார். "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையில் கிடத்தியிருக்கக் காண்பீர்கள், இதுவே உங்களுக்கு அடையாளம்." துணி சுற்றுவது எல்லாத் தாயும் செய்வது, சாலமோன் அரசரைக்கூடத் துணியில் சுற்றித்தான் வளர்த்தார்கள் என்று சாலமோனின் ஞான நூல் சொல்கிறது. அதை வைத்து எந்தப் பிள்ளையையும் கண்டுபிடிக்க முடியாது. தொட்டியில் கிடக்கும் பிள்ளை ஊரில் ஒன்றுதான் இருக்கும். லூக்கா ஒரே அதிகாரத்தில் அதை மூன்று முறை சொல்வது (7, 12, 16-ஆம் வசனங்கள்) அதனால்தான். பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் 'அப்பத்தின் வீடு'. அப்பத்தின் வீட்டில், உணவு வைக்கும் தொட்டியில் கிடந்த பிள்ளை பிற்பாடு, "ஜீவ அப்பம் நானே" என்றார்.

ஒரு எச்சரிக்கை. பேச்சு வேகத்தில் "ஏழ்மை புனிதமானது" என்று சொல்லிவிடாதீர்கள். சுவிசேஷம் அப்படிச் சொல்லவில்லை. மரியாளின் பாடலில் பசித்தவர்கள் பசியோடு விடப்படுவதில்லை, நன்மைகளால் நிரப்பப்படுகிறார்கள். ஏழை பாவம் செய்தவனும் அல்ல, ஏழ்மை ஆசீர்வாதமும் அல்ல. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று கேட்டபோது இயேசு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் (யோவான் 9:3). நண்பரின் கேள்விக்கு மிக நேரான பதில் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இந்த ஆண்டு வீட்டில் நாங்களே குடில் கட்டப் போகிறோம். போன முறை வைக்கோல் பூஞ்சை பிடித்தது, எலி வந்தது, மூங்கில் கட்டெல்லாம் தொய்ந்துவிட்டது. ஒழுங்காகக் கட்டுவது எப்படி?
— வாசகர், பெகு

பதில்: பூஞ்சைக்கும் தொய்ந்த கட்டுக்கும் காரணம் ஈரம், எலிக்குக் காரணம் வைக்கோலில் ஒட்டிய நெல். டிசம்பரில் நமக்குக் கிடைப்பது புது அறுவடை வைக்கோல். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், கணுவுக்குள் பச்சை இருக்கும். முழு வெயிலில் இரண்டு நாள் பரப்பி, நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். பிறகு கற்றையாகப் பிடித்துத் தரையில் ஓங்கி அடித்து உதறுங்கள். ஒட்டியிருக்கும் நெல்மணி உதிர வேண்டும். எலி அந்த மணிக்குத்தான் வருகிறது.

பச்சை மூங்கில் காயும்போது சுருங்கும், கட்டு தானாகத் தளரும். வெட்டி பத்து நாள் நிழலில் காயவைத்த மூங்கிலை எடுங்கள். கயிற்றைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் தேங்காய் நார் காயும்போது இறுகும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை எல்லா மூட்டையும் இழுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டுக்கும் மூங்கிலை வைத்துக்கொள்வதாக இருந்தால் கட்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துங்கள். மாவுச்சத்து கரைந்து போகும், துளைக்கும் வண்டு குறையும்.

எட்டு முதல் பத்து அங்குலச் சுரூபங்களுக்கு 3 அடி அகலம், 2 அடி ஆழம் போதும். முன்கால் 30 அங்குலம், பின்கால் 24 அங்குலம். கூரைக்கு அதுவே சரிவு தரும். வாசலில் வைத்தால் இரவுப் பனி நிறைய விழும். அப்போது பின்காலை 20 அங்குலமாகக் குறைத்துச் சரிவைக் கூட்டுங்கள். கூரைக்கு 'டனி' (நிப்பா பனை) ஓலை நல்லது. கீழ்வரிசையிலிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ளதன் பாதியை மூட வேண்டும். மேலிருந்து கட்டினால் நீர் உள்ளேதான் வடியும்.

அளவில் பெரும்பாலான குடில்கள் தவறுவது பிள்ளையிடம். பிறந்த குழந்தை பெரியவரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. யோசேப்பு பத்து அங்குலம் என்றால் பிள்ளை மூன்று அங்குலம். கடையில் விற்கும் தொகுப்பில் ஐந்து அங்குலப் பிள்ளை வரும். முடிந்தால் பிள்ளையை மட்டும் சிறியதாகத் தனியே வாங்குங்கள். தொட்டியை நீங்களே களிமண்ணில் செய்யலாம்: நீளம் ஐந்து அங்குலம், அகலம் மூன்று, விளிம்பின் உயரம் தரையிலிருந்து மூன்று. நிழலில் மெல்லக் காய வேண்டும். வெயிலில் வைத்தால் விளிம்பு வெடிக்கும். காய்ந்த பிறகு விளிம்பை ஈர விரலால் தேய்த்து மழுக்குங்கள். மாடு நக்கி நக்கித் தேய்ந்த தொட்டி அப்படித்தான் இருக்கும். தங்க வண்ணம் பூசாதீர்கள். நாங்கள் இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை: தங்கத் தொட்டியைப் பார்த்தால் மேய்ப்பர்கள் கடந்து போயிருப்பார்கள்.

பச்சைக்கு நெல் முளைப்பாரி. 10-ஆம் தேதி இரவு ஒரு கைப்பிடி நெல்லை ஊறப்போட்டு, மறுநாள் இரவு வடித்து ஈரத் துணியில் கட்டுங்கள். 13-ஆம் தேதி காலை முளை தெரியும். ஓர் அடி தட்டில் ஓர் அங்குல மண் போட்டு நெருக்கமாகப் பரப்பித் தெளித்துவாருங்கள். 24-ஆம் தேதிக்கு மூன்று நான்கு அங்குலம் வந்திருக்கும். நிழலிலேயே வைத்தால் வெளுத்துச் சாயும். காலை வெயில் வேண்டும். பயறு போடுகிறவர்கள் உண்டு. அது வேகமாக உயர்ந்து ஒரு வாரத்தில் தலைகீழாக விழுந்துவிடும்.

விளக்கைப் பற்றிக் கண்டிப்பாக. மின்சாரம் போனதும் மெழுகுவர்த்தியைக் குடிலுக்குள் வைப்பதுதான் மிக ஆபத்தான பழக்கம். காய்ந்த வைக்கோலும் ஓலையும் பற்றினால் அணைக்க நேரம் இருக்காது. மெழுகுவர்த்தி வேண்டுமானால் குடிலிலிருந்து மூன்றடி தள்ளி, தண்ணீர்த் தட்டின் நடுவே. உள்ளே பேட்டரியில் எரியும் ஒரே ஒரு சிறு எல்இடி விளக்கு, கூரைக் கட்டைக்குப் பின்னால், தொட்டியின் மேல் மட்டும் ஒளி விழும்படி. மினுக்கும் வண்ணச் சரங்களை மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குடிலை மேசைமேல் ஏற்ற வேண்டாம். இரண்டு வரிச் செங்கல் போதும், ஈரம் தாக்காது. பெத்லகேம் பிறப்பு ஆலயத்தின் வாசல் ஏறத்தாழ 4 அடி உயரம்தான். யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். உங்கள் குடிலையும் குனிந்து பார்க்கும்படி வையுங்கள், குழந்தைகளுக்கு அது கண் மட்டம்.

24-ஆம் தேதி இரவுவரை தொட்டி காலியாக இருக்கட்டும்.

கேள்வி: மாடும் கழுதையும் வேதத்தில் இல்லை, மூன்று ராஜாக்களும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் குடிலிலிருந்து எடுத்துவிடலாமா?
— வாசகர், தாட்டோன்

பதில்: மாடும் கழுதையும் இருக்கட்டும். பிறப்பு வரலாற்றில் அவை சொல்லப்படவில்லை; ஏசாயா 1:3-இலிருந்து வந்தவை: "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்; இஸ்ரவேலோ அறிவில்லாமலும், என் ஜனம் உணர்வில்லாமலும் இருக்கிறது." 4-ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்களிலேயே இரண்டும் தொட்டியருகே நிற்கின்றன. அசிசி நகர் பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் முதன்முதலாகக் குடில் காட்சி அமைத்தபோது வைத்தது தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை. அந்தத் தொட்டியின் மேல்தான் திருப்பலி நடந்தது.

கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை ராஜாக்கள் என்று மத்தேயு சொல்லவில்லை, மூவர் என்றும் சொல்லவில்லை. காணிக்கை மூன்று, அவ்வளவே. அவர்கள் வந்தது 'வீட்டுக்குள்' (மத்தேயு 2:11), பிறந்த இரவில் அல்ல. அவர்களை அறையின் மறுகோடியில் வைத்து, நாளுக்கு ஓரடி நகர்த்தி, ஜனவரி 6-இல் குடிலுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பயணமே பாடம்.

கேள்வி: யோசேப்பு தச்சர், தொழில் தெரிந்தவர். நிஜமாகவே ஏழைகளா அவர்கள்? குடிலை எப்போது பிரிக்கலாம்?
— வாசகி, யாங்கூன்

பதில்: இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது. ஆண்பிள்ளை பெற்ற தாய் 40-ஆம் நாள் ஓர் ஆட்டுக்குட்டியையும் ஒரு புறாவையும் ஆலயத்தில் பலியாகக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்குச் சக்தியில்லாவிட்டால் இரண்டு புறா போதும் என்கிறது லேவியராகமம் 12. மரியாளும் யோசேப்பும் கொடுத்தது ஒரு ஜோடி காட்டுப்புறாவாவது இரண்டு புறாக்குஞ்சாவது என்று லூக்கா 2:24-இல் இருக்கிறது. பிச்சை எடுக்கும் வறுமை அல்ல. கையில் தொழில் இருந்தும் ஆடு வாங்க முடியாத வீடு. நம்மில் பலருக்குத் தெரிந்த வீடுதான்.

டிசம்பர் 25-இலிருந்து அந்த 40-ஆம் நாள் பிப்ரவரி 2. முன்பு பல இடங்களில் அதுவரை குடிலை வைத்திருந்தார்கள். இப்போது கத்தோலிக்கத் திருவழிபாட்டில் கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடிகிறது. அதற்கு மறுநாள் பிரிக்கலாம். சுரூபங்களைச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, பிள்ளையை மட்டும் ஒரு சிறு டப்பாவில் வையுங்கள். அதுதான் எப்போதும் தொலைகிறது. வைக்கோல் காய்ந்து, பூஞ்சை இல்லாமல் இருந்தால் பக்கத்தில் மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். மினுக்குத் தூள் தூவியிருந்தால் கொடுக்க வேண்டாம், மாட்டு வயிற்றுக்கு ஆகாது.